கால் ஆட்ட இடம்

இப்போது இருக்கிற ஜனங்களுக்கு என்னதான் வேண்டும் என்று தச்சருக்குப் புரிவதே இல்லை. முன்பெல்லாம் மேசை ஓரத்தில் நகத்தளவு பட்டை ஒட்டியிருந்தாலும், குடித்துவிட்டு இழைத்தாயா என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். இன்றைக்கு அந்தப் பட்டையைத்தான் தேடிக்கொண்டு வருகிறார்கள். ஓரத்தை அறுக்காதே, மரம் எப்படி வளைந்ததோ அப்படியே விடு என்கிறார்கள். செய்யாமல் விட்ட வேலைக்கு ஒரு பெயர் வைத்து, அதைத் தடவித் தடவிப் பார்த்துச் சொக்கிப் போகிறார்கள். முழங்கால் தெரியக் கிழித்த கால்சட்டையைக் கடையில் வாங்கிப் போடுகிறவர்கள் மேசையை மட்டும் விட்டுவைப்பார்களா?

போன மாதம் வந்த வக்கீலம்மாவும் அந்தக் கூட்டம்தான். கைபேசியில் படம் படமாகத் தள்ளிக் காட்டினாள். ஜன்னல் அகலத்துக்கு ஒரே பலகை. முன் ஓரம் வாய்க்கால் கரை மாதிரி வளைந்து போக வேண்டும். இடப்பக்கம் மூன்று டிராயர், வலப்பக்கம் கேஸ் கட்டுகள் வைக்கக் கதவு போட்ட ஓர் அறை, பின்னால் ஒயர் போக ஒரு பிளவு, அறைக்குள் யார் கண்ணுக்கும் படாமல் ஒரு சின்னப் பெட்டி. இத்தனையும் இருக்க வேண்டும், இருப்பதே தெரியவும் கூடாது.

"இதுக்குப் பேரு லைவ் எட்ஜ் ஐயா. உயிரோட இருக்கிற ஓரம்."

"செத்த மரத்துல உயிரு எங்கேயிருந்தும்மா வரும்?"

"கோர்ட்டுல செத்தவங்க கையெழுத்தே வருது. ஓரத்துக்கு உயிர் வரக் கூடாதா?" என்று சிரித்தாள்.

தச்சர் சிரிக்கவில்லை. அந்த அகலத்துக்கு அவரிடம் ஒரே ஒரு பலகைதான் இருந்தது. வீட்டை ஒட்டிய பட்டறையின் பின்னறையில் ஒன்பது வருஷமாகக் கட்டைகள் மேல் படுத்துக் கிடந்த தூங்குமூஞ்சிப் பலகை. அதைப் பற்றி வக்கீலம்மாவிடம் அவர் சொன்னது 'நன்றாகக் காய்ந்தது' என்பது மட்டும்.

மற்றதை ஏன் சொல்ல வேண்டும்? அந்த மரம் பட்டறைக்குப் பின்னால் நின்றது. அவருக்கு ஒரே மகள். ஓரிடத்தில் கால் தரிக்காதவள் என்பதால் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வயது. காற்றே இல்லாத ஒரு மத்தியானம், மரத்தடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் மேல் ஒரு கிளை முறிந்து விழுந்தது. அந்த வாரமே தச்சர் மரத்தை வெட்டிச் சாய்த்தார். மில்லில் அறுத்துப் பலகைகளைக் கண்ணில் பட்டவனுக்கெல்லாம் விற்றார். கடைசிப் பலகை மேல் அவர் மனைவி ஏறி உட்கார்ந்துகொண்டாள். எழுந்திருக்கவில்லை. பலகையோடு சேர்த்துத்தான் அவளையும் வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அன்றிலிருந்து மத்தியானம் ஆனால் மனைவி பின்னறையில், பலகை பக்கத்தில். சோறு ஆகிவிட்டது, மழை வருகிறது, விளக்குப் போடுங்கள். ஒன்பது வருஷத்தில் அவள் பேசியது இவ்வளவுதான். பலகை வீட்டை விட்டுப் போனால் மனைவி தன்னிடம் திரும்பி வருவாள். தச்சர் போட்ட கணக்கு இது. ஆனவரைக்கும் சண்டைக்குத் தயாராகிக்கொண்டுதான் விஷயத்தைச் சொன்னார். அவள் பலகையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சரி என்றாள். அந்தச் சரி அவருக்குச் சரியாகப் படவில்லை.

தப்பு முதலில் தெரிந்தது குச்சியில்.

தச்சர் டேப்பை நம்புகிறவர் இல்லை. ஒரே கடையில் வாங்கிய இரண்டு டேப்புகள் ஒத்துப்போய் அவர் பார்த்ததில்லை. எண் என்பதே படிக்காதவனை ஏய்க்க வந்தது என்பது அவர் கட்சி. மேசை என்றால் ஆளை உட்கார வைக்க வேண்டும். இழைத்த குச்சி ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி முழங்காலுக்கு ஒரு கோடு, மடக்கின முழங்கைக்கு ஒரு கோடு, தோளுக்கு ஒரு கோடு போட வேண்டும். மூன்று கோடு போதும், மேசை உடம்புக்குச் சட்டை மாதிரி உட்காரும். வக்கீலம்மா உட்கார்ந்தாள், கோடு போட்டார், குச்சியை ஆணியில் மாட்டினார்.

மறுநாள் காலையில் பட்டறைக் கதவைத் திறந்தபோது, ராத்திரி முழுக்க அடைபட்டுக் கிடந்த மரத்தூள் வாசனையும் வஜ்ஜிரப் பசையின் புளித்த நெடியும் முகத்தில் அடித்தன. அவற்றுக்கு அடியில், மிக அடியில், பச்சை இலையைக் கசக்கினால் வருமே அந்த ஈரமான வாசனை ஒன்று இழைபோல ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே யாராவது எதையாவது வெட்டிப் போட்டிருப்பார்கள் என்று திட்டிக்கொண்டே குச்சியை எடுத்தார். கோடுகள் கீழே இறங்கியிருந்தன.

ஒரு சாண். மூன்றுமே.

குச்சியைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் சுத்தம். அழித்த தடமும் இல்லை. பட்டறை மேசைக் காலை ஒட்டி நிறுத்திப் பார்த்தார். முழங்கால் கோடு அந்தக் காலில் இருந்த பழைய ஆணித் துளைக்கு நேராக வந்து நின்றது.

அந்த உயரம் அவருக்குத் தெரியும். தனக்கு ஒரு மேசை வேண்டும் என்று வாலு நச்சரித்து, கிளை விழுவதற்கு ஒரு மாதம் முன்னால் அவளை உட்கார வைத்து, இதே துளைக்கு நேராக அவர் எடுத்த அளவு அது. அப்போது குச்சியைத் தட்டித் தட்டிக் காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். 'சும்மா இருடி, கோடு கோணுது' என்று அவர் அதட்டினார். அந்தக் குச்சியை அவரே உடைத்து அடுப்பில் வைத்தாயிற்று. அந்த மேசையைச் செய்யவே இல்லை.

மனைவி வேலை இது என்று முடிவு கட்டினார். சரி என்று வாயால் சொல்லிவிட்டுக் கையால் விளையாடுகிறாள். ஒன்றும் கேட்காமல் வக்கீலம்மாவை மறுபடி வரவழைத்தார். கேஸை ஒத்திவைக்கிற மாதிரி நீங்களும் வாய்தா கொடுக்க ஆரம்பித்துவிட்டீர்களா என்று அவள் கேலி பேசிக்கொண்டே உட்கார்ந்தாள். புதுக்குச்சி, புதுக்கோடு. சாமான் பெட்டிக்குள் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

காலையில் கோடுகள் இறங்கியிருந்தன. ஆனால் ஆணித் துளைக்கு நேராக இல்லை.

அதற்கு ஒரு விரல்கடை மேலே.

அடுத்த நாள் இன்னும் அரை விரல். அதற்கடுத்த நாள் கொஞ்சம். வளர்த்தவனுக்குத் தெரியாதா அந்த ஏற்றம்? ஒரு ராத்திரிக்கு ஒரு வயது என்று அவர் எண்ணவில்லை. அவர் கைதான் எண்ணியது. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. குச்சியைப் பரணில் எறிந்துவிட்டு, பிழைப்பில் முதல் தடவையாக டேப்பை எடுத்தார். வேலையைச் சீக்கிரம் முடித்து வண்டியில் ஏற்றிவிட்டால் போதும். அவர் மனைவியை அவரிடம் விட்டுவிட்டு இந்தப் பலகை எங்கேயாவது போய்த் தொலையட்டும்.

பலகையில் இழைப்புளி ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள் மனைவி பட்டறைக்குள் வந்தாள். முன்வாசல் வழியாக, வேலை நடக்கிற இடத்துக்கு, ஒன்பது வருஷம் கழித்து. கையில் இரண்டு தம்ளர் டீ. முகம் கழுவியிருந்தாள். சுருள் சுருளாகத் தரையில் கிடந்த சீவலைக் காலால் ஒதுக்கிவிட்டு, மேசையின் அடிச்சட்டத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"கீழ குறுக்குச் சட்டம் வைக்காதீங்க. கால் ஆட்ட இடம் வேணும் அவளுக்கு."

தச்சருக்குச் சந்தோஷத்தில் டீ புரையேறியது. அத்தனை நீளமாக அவள் பேசி எவ்வளவு காலம் ஆயிற்று! சட்டத்தைக் கழற்றிவிட்டார். மறுநாள் வந்து, மேல் டிராயர் இத்தனை ஆழம் வேண்டாம், உள்ளே இருப்பது அவளுக்குக் கை எட்டாது என்றாள். ஆழத்தைக் குறைத்தார். ஓரத்தில் ஒரு மேடு துருத்திக்கொண்டிருந்தது. அதைத் தேய்த்துவிடட்டுமா என்று இவரே கேட்டார். வேண்டாம், அவள் அதைப் பிடித்துக்கொண்டுதான் யோசிப்பாள் என்று சொல்லிக் கட்டை விரலால் அந்த மேட்டை வருடினாள். ராத்திரி இரண்டு கரண்டி சோறு கூடப் போட்டுச் சாப்பிட்டாள். அடுப்படியில் எதற்கோ தனியாகச் சிரித்தாள். தச்சர் தன் கணக்கு பலித்துவிட்டதாகவே நினைத்தார். ஒரு சின்ன மரியாதைக் குறைவு மட்டும் உறுத்தியது.

"வக்கீலம்மா பெரிய படிப்பு படிச்சவங்க. எதுத்தாப்புல அவ இவன்னு பேசிடாதே. அவங்கன்னு சொல்லு."

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். புரியாத பிள்ளையைப் பார்க்கிற பார்வை. பாவம் என்று இரங்குகிற மாதிரியும் இருந்தது.

"வக்கீலம்மாவை நான் எதுக்குங்க அவன்னு சொல்றேன்?"

டீ தம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தச்சர் நின்ற இடத்திலேயே நின்றார். வெளியே வெயில் பளீரென்று அடித்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு போனார்கள். பட்டறைக்குள் மட்டும் சாயங்காலம் மாதிரி ஒரு மங்கல். எந்தப் பக்கம் திரும்பினாலும் முதுகுக்குப் பின்னால் அந்தப் பச்சை இலை வாசனை. ஒன்பது வருஷம் காய்ந்த பலகையின் உயிர் ஓரத்தில், பட்டை உரிந்த பள்ளத்தில், வேர்வை மாதிரி ஈரம் பூத்திருந்தது. துடைத்தார். மறுபடி பூத்தது. மழைக்காலத்துக் காற்று, மரம் இழுத்துக்கொள்கிறது என்று உரக்கவே சொன்னார். மழை பெய்து இருபது நாள் ஆகியிருந்தது.

டிராயர்களைப் பொருத்தினார். கீழே இருந்த இரண்டும் வெண்ணெயாய் ஓடின. மேல் டிராயர் மட்டும் ஒரு விரல்கடை வெளியே நின்றது. கழற்றினார், இழைத்தார், மெழுகு தடவினார், மறுபடி தள்ளினார். உள்ளே போனது, கடைசியில் மெத்தென்று எதிலோ முட்டியது, மெதுவாக, மிக மெதுவாக, அந்த ஒரு விரல்கடை வெளியே வந்தது. டிராயரை முழுசாக உருவிவிட்டு அந்த ஓட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். பின்பலகை கையில் பட்டது. வேறொன்றும் இல்லை.

பின்பலகை சூடாக இருந்தது.

கையை இழுத்துக்கொண்டார். பரணில் ஏறிக் குச்சியை எடுத்துப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார். ஏறினார். பார்த்தார். பத்தொன்பது.

அன்றைக்குச் சாப்பிடும்போது, குழம்பை ஊற்றிக்கொண்டே, மழை வருகிறது என்று சொல்கிற அதே குரலில் மனைவி சொன்னாள்:

"உங்ககிட்ட என்னமோ கேக்கணுமாம் அவ. அப்பா வேலைய முடிக்கட்டும், அப்புறம் கேளுன்னு சொல்லிட்டேன்."

தச்சர் கையில் உருட்டிய சோற்றைத் தட்டிலேயே போட்டார்.

அவள் என்ன கேட்பாள் என்று அவருக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. கிளை விழுவதற்கு நான்கு நாள் முன்னால், காலையில் பல் துலக்கிக்கொண்டே அண்ணாந்தபோது, கவையில் விரிசலைப் பார்த்தார். மரவேலைக்காரன் கண்ணுக்குத் தப்பாத விரிசல். நுனியில் பிசின் வடிந்து கறுத்திருந்தது. கதவு வேலை ஒன்று தலைக்கு மேல் இருந்தது. நாளைக்கு ஏறி அறுத்துவிடலாம் என்று நினைத்தார். மறுநாளும் அப்படியே நினைத்தார். அதற்கடுத்த நாள் மறந்துவிட்டார். வாய் திறந்து, மரத்தடிக்குப் போகாதே என்றுகூட அந்தக் குழந்தையிடம் சொல்லவில்லை. எல்லாரும் விதி என்றார்கள், காற்றே இல்லையே என்றார்கள். அவரும் கூடச் சேர்ந்து தலையை ஆட்டினார். மனைவியிடம் ஒன்பது வருஷமும் தலையைத்தான் ஆட்டியிருக்கிறார். அவளுக்கு இது தெரிந்தால் அன்றோடு அவருக்கு மனைவி என்று ஒருத்தி இல்லை.

"யாருடி கேக்கணுங்கிறா? பித்துப் பிடிச்சிருக்கா உனக்கு?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினாள்.

வண்டிக்காரனைக் கூப்பிட்டு, நாளை மறுநாள் என்பதை நாளைக்கே என்று மாற்றினார். மறுநாள் விடிந்ததிலிருந்து வார்னிஷ் அடித்தார். ஒரு கை காய்வதற்குள் அடுத்த கை. நெடி கண்ணைக் கரித்தது. இலை வாசனை அதற்கும் அடங்கவில்லை. வார்னிஷ் ஏற ஏறப் பலகையின் ரேகைகள் மேலே எழுந்து வந்தன. தண்ணீருக்கு அடியில் யாரோ புரளுகிற மாதிரி. பார்க்காமலே அடித்தார். குச்சி பக்கம் போகவில்லை. போக வேண்டிய தேவை இல்லை. நேற்றுப் பத்தொன்பது என்றால் இன்றைக்கு என்ன என்று எண்ணப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டுமா?

மூன்று மணிக்கு வண்டி வந்து வாசலில் நின்றது. மேசையைச் சுற்றக் கோணியும் பழம் போர்வையும் எடுக்க வீட்டுக்குள் போனார். பரணிலிருந்து போர்வையை இழுத்து உதறினார். வீட்டில் யாரும் இல்லை. அடுப்படியில் இல்லை. பின்னறையில் இல்லை. சாப்பாட்டு மேசை நாற்காலிகளில் ஒன்றைக் காணோம்.

பட்டறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினார்.

மேசைக்கு முன்னால் வீட்டு நாற்காலி. அதில் யாரும் இல்லை. நாற்காலிக்குப் பின்னால், பட்டறை முக்காலியில், அவர் மனைவி. வாயில் ஒரு ரிப்பனைக் கவ்விக்கொண்டு, வலது கையில் சீப்பு. காற்றை வாரிக்கொண்டிருந்தாள்.

உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளின் தலை உயரம். உச்சியிலிருந்து இழுத்தாள். பாதியில் சீப்பு நின்றது. அவள் இடது கை வந்து எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டது, வலிக்காமல் இருக்க. சீப்பு வெடுக்கென்று இழுபட்டு இறங்கியது. மறுபடி உச்சி. மறுபடி இழுப்பு. மறுபடி சிக்கு.

வாயிலிருந்த ரிப்பனை எடுத்துவிட்டுச் சொன்னாள்:

"கொஞ்சம் பொறுங்க. பின்னி முடிச்சுடறேன். எத்தனை வருஷத்துச் சிக்கு."

அவள் சொந்தத் தலை வெளுத்து ஏழு வருஷம் ஆகிறது. சீப்பின் பல்லில் சுற்றியிருந்தது கறுப்பு. நீளமாகத் தொங்கியது. நுனியில் ஈரம்.

மேசைக்கு அடியில் தரையில் கிடந்த சீவல்கள் அசைந்தன. முன்னுக்கு. பின்னுக்கு. முன்னுக்கு. ஜன்னல் சாத்தியிருந்தது.

"வேன் வந்திருச்சு," என்றார் தச்சர்.

"தெரியும். நான் அனுப்ப மாட்டேங்க," என்றாள் அமைதியாக. பிறகு குனிந்தாள். நாற்காலிக்கு மேலே, ஒரு காது இருக்க வேண்டிய இடத்துக்கு வாயைக் கொண்டுபோனாள். "அப்பா வந்திருக்காரு பாரு. கேக்கணும்னியே. கேளு."

சீவல்கள் நின்றன.

மனைவியின் கைகள் ஒரு தலையின் இரு பக்கமும் இருந்தன. அந்தக் கைகள் திரும்பின. அவள் திருப்பவில்லை. அவை கொண்டுபோகப்பட்டன. கொஞ்சம் கொஞ்சமாக. கதவைப் பார்க்க. அவரைப் பார்க்க.

மனைவி குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிப்பு முகத்தில் இருந்தது. இருந்தது. பிறகு இல்லை. மெல்ல நிமிர்ந்தாள். தச்சரைப் பார்த்தாள். ஒன்பது வருஷத்தில் அவள் அவரைப் பார்க்காத பார்வை.

"விரிசலா?" என்றாள். "பாத்தீங்களா நீங்க?"

போர்வை கையிலிருந்து நழுவியது.

தச்சர் திரும்பினார். ஓடவில்லை. ஓடினால் ஒத்துக்கொண்ட மாதிரி. வாசலைத் தாண்டினார். பெரியவரே எங்கே போகிறீர்கள், மேசை எங்கே என்று வண்டிக்காரன் கேட்டது காதில் விழுந்தது. வெயிலில் இறங்கி நடந்தார். முடியா? முடி எங்கேயும் கிடைக்கும். சவுரி விற்கிறவன் தெருவுக்கு ஒருத்தன். விரிசலா? தூக்கத்தில் தானே உளறியிருப்பார், கேட்டு வைத்திருப்பாள், இத்தனை காலம் மனசுக்குள் பூட்டி வைத்து இன்றைக்குத் திறந்திருக்கிறாள். பெண்பிள்ளைகளை நம்ப முடியுமா? யாரைத்தான் நம்ப முடிகிறது?

தெரு முனைக்கு வந்தபோது பின்னால், திறந்து கிடந்த பட்டறையிலிருந்து, தரையில் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. யாரோ எழுந்திருக்கிறார்கள். மனைவிதான் என்று சொல்லிக்கொண்டார். மனைவி உட்கார்ந்திருந்தது முக்காலியில்.

முக்காலியும்தான் இழுபடும் என்று முணுமுணுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.